அரை மூடி எலுமிச்சை

காலை ஏழரைக்கு டிப்டாப் சலூன் ஷட்டரைத் தூக்கியபோது மீட்டர்காரர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். முகத்தின் கீழ்ப்பாதியைத் துண்டால் மூடியிருந்தார். சளி பிடித்திருக்கும் என்று டிப்டாப் நினைத்துக்கொண்டான்.

டிப்டாப் என்பது கடைக்கு அவன் வைத்த பெயர். பன்னிரண்டு வருடத்தில் அது கடைக்காரன்மீதே ஒட்டிக்கொண்டது. தேய்த்த சட்டை, வகிடு கலையாத தலை, பேசினால் தேன். அந்தப் பெயரும் அவனுக்குப் பொருந்தித்தான் போனது. மீட்டர்காரர் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டரைப் பார்த்துக் குறிப்பெடுப்பவர். கடை திறந்த முதல் வாரத்திலிருந்து வாரம் ஒருமுறை அவனிடம்தான் ஷேவிங்.

"என்ன சார், நாலு நாள் முன்னாடிதானே வந்தீங்க? அதுக்குள்ள வளர்ந்துடுச்சா?"

மீட்டர்காரர் உள்ளே வந்து துண்டை எடுத்தார். டிப்டாப் கையிலிருந்த துடைப்பத்தை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

கன்னத்தில் நாலு விரல் அகலத்துக்குப் பழுப்பும் சிவப்புமாகப் பட்டை பட்டையாகத் தோல் வெந்திருந்தது. தாடை ஓரத்தில் கொப்புளங்கள் உடைந்து காய்ந்திருந்தன. காதுக்குக் கீழிருந்து ஒரு கோடு கழுத்து வழியாக இறங்கிச் சட்டைக் காலருக்குள் போயிருந்தது. எதுவோ வழிந்து ஓடிய தடம் என்று பார்த்தாலே தெரிந்தது.

"ஐயோ, என்ன சார் இது? சுடுதண்ணி ஏதாவது கொட்டிடுச்சா?"

"நீ கொட்டினதுதான்."

"நானா?"

"ஷேவிங் முடிச்சு அன்னைக்கு முதல் தடவையா எண்ணெய் ஒண்ணு தடவி விட்டியே. கை வச்ச இடமெல்லாம் வெந்திருக்கு. உன் விரலை எண்ணிப் பாரு, என் கன்னத்துல இருக்கு." சட்டைப் பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்தார். "தோல் டாக்டர் கேக்கறார். அந்தப் பாட்டில்ல என்னென்ன கலந்திருக்கு? எழுதிக் குடு."

டிப்டாப் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தான். "அது மூலிகை எண்ணெய் சார். சுத்தமான இயற்கை. இயற்கையா இருக்கறது எப்படி சார் சுடும்?"

"நெருப்பும் இயற்கைதான். எழுதிக் குடு."

"நூறு பேருக்கு மேல தடவியிருக்கேன். ஒருத்தருக்கும் ஒரு பரு கூட வந்ததில்லை. உங்களுக்கு மட்டும் வருதுன்னா உங்க ஒடம்புலதான் ஏதோ கோளாறு."

மீட்டர்காரர் அவனை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சுவரோரமாகக் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்து, துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எப்போ எழுதறியோ அப்போ குடு. நான் இங்கயே இருக்கேன்."

"அது கஸ்டமர் உக்கார்ற இடம் சார்."

"நானும் கஸ்டமர்தான். என் முறை வரும்போது வேண்டாம்னு சொல்லிக்கறேன்."

அந்தப் பெஞ்சு கண்ணாடிக்கு நேர் எதிரே இருந்தது. சுழல் நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் தன் முகத்துக்குப் பக்கத்தில், தோளுக்கு மேலே, மீட்டர்காரரின் முகத்தையும் பார்த்தாக வேண்டும். அன்று முதலில் வந்த பேக்கரிக்காரர் கழுத்தில் துணி கட்டியதும் கண்ணாடியைப் பார்த்தார். திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார்.

"என்னங்க இது முகத்துல?"

மீட்டர்காரர் அலமாரியில் இருந்த எண்ணெய் பாட்டிலை நோக்கி விரலை மட்டும் நீட்டினார்.

பேக்கரிக்காரர் ஷேவிங் முடிந்ததும், "எண்ணெய் கிண்ணெய் ஒண்ணும் வேண்டாம்பா, வெறும் தண்ணி போதும்" என்று அவசரமாக எழுந்துகொண்டார். அடுத்து வந்தவர் வாசலில் எட்டிப் பார்த்து, "அப்புறம் வர்றேன்" என்று போனவர் வரவே இல்லை. மூன்றாவதாக வந்த கல்லூரி வாத்தியார், நுரை பூசிய முகத்தோடு மீட்டர்காரரிடம் ஐந்து நிமிடம் விசாரணை நடத்தினார். பதில் வரவில்லை, விரல்தான் வந்தது.

மீட்டர்காரர் மதியம் சாப்பிடப் போனார், திரும்பி வந்தார். மாலையில் எழுந்து போனார். மறுநாள் காலை ஷட்டர் தூக்கும்போது மறுபடி வாசலில் நின்றார். வெயிலில் போகக்கூடாது என்று டாக்டர் இரண்டு வாரம் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தார். அவருக்கு வேறு வேலையும் இல்லை.

டிப்டாப்பால் எழுதிக் கொடுக்க முடியாததற்குக் காரணம் இருந்தது. எண்ணெய் அவன் செய்ததில்லை. அக்கா செய்தது. அவனைவிட ஆறு வயது பெரியவள். பெயின்ட் கடையில் வண்ணம் கலக்கும் கவுண்டரில் வேலை. கேட்ட நிறம் வர ஒரு வாளி வெள்ளையில் எத்தனை சொட்டு மஞ்சள், எத்தனை சொட்டு கறுப்பு என்று எண்ணி விடுவதுதான் அவள் பிழைப்பு. ஒரு சொட்டு கூடினால் வாளி முழுக்க வீண் என்பது அவளுக்கு ரத்தத்தில் ஊறியிருந்தது. பெயின்டைக் கரைக்கும் தின்னர் பட்டுப் பட்டுக் கை வெடித்துப்போய், கடையில் வாங்கின கிரீம் எதுவும் கேட்காமல், வீட்டிலேயே தைலம் செய்யக் கற்றுக்கொண்டாள். பிறகு கேட்டவர்களுக்கும் செய்து கொடுத்தாள்.

ஆனால் அவளிடம் ஒரு பாட்டில் வாங்குவது பரீட்சை எழுதுவது மாதிரி. முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு தடவி ஒரு நாள் பொறுக்கச் சொல்லுவாள். பொறுக்காதவர்களுக்குத் தர மாட்டாள். வாசனை எண்ணெயை வெறுமனே தோலில் போடக்கூடாது, குடிக்கக்கூடாது, குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைக்கக்கூடாது என்று மூச்சு விடாமல் சொல்லுவாள். எல்லாப் பாட்டிலும் கறுப்புக் கண்ணாடிதான், எல்லாவற்றிலும் தேதி எழுதியிருக்கும். எதிர்வீட்டு மாடியில் இருந்த பெண் பிறந்து பத்து நாளான குழந்தைக்குத் தேய்க்கக் கேட்டபோது, "அதோட தோலே இன்னும் முழுசா ஆகலை, வாசனை எதுக்கு அதுக்கு?" என்று முகத்திலடித்தாற்போல் சொல்லி அனுப்பிவிட்டாள்.

தம்பிக்கு அவள் செய்து கொடுத்த எண்ணெயில் மூன்றே பொருள். பாதாம் எண்ணெய், எண்ணெய் சிக்கு வாடை அடிக்காமல் இருக்க வைட்டமின் ஈ, நூறு மில்லிக்கு இருபது சொட்டு லாவெண்டர். டிப்டாப்புக்கு அது போதவில்லை. "வாசனையே தெரியலையேப்பா" என்று இரண்டு மூன்று பேர் சொன்னார்கள். சென்ட் கடையில் எலுமிச்சைத் தோலைப் பிழிந்தெடுத்த எண்ணெய் ஒரு குப்பி வாங்கினான். அக்கா கொடுத்த பாட்டிலில் அரை மூடி ஊற்றிக் குலுக்கினான். கடை மணந்தது. அடுத்த பாட்டிலிலும் ஊற்றினான். அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாள் என்பது தெரியும்.

நான்காம் நாள் காலை பத்து மணிவரை ஒருவரும் கடைக்குள் வரவில்லை. பெஞ்சில் மீட்டர்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கம் புரட்டும் சத்தம் டிப்டாப்பின் மண்டைக்குள் கேட்டது.

"யோவ், எந்திரிய்யா!" என்றான். பன்னிரண்டு வருடத்தில் அவரை அவன் அப்படிக் கூப்பிட்டதில்லை. "என் பொழப்பைக் கெடுக்கணும்னு வந்து உக்காந்திருக்கியா?"

"எழுதிக் குடு. போறேன்."

"அதை நான் செய்யலை. என் அக்கா செஞ்சது. பெயின்ட் கடையில இருக்கா. என்ன கலந்தாளோ, அவளைப் போய்க் கேளு."

மீட்டர்காரர் பேப்பரை மடித்தார். "நாலு நாளா இதைச் சொல்ல வாய் வரலையா?" என்று கேட்டுவிட்டு, துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு, குடையை விரித்துக்கொண்டு போனார்.

அவர் தெரு திரும்பும்வரை டிப்டாப் பார்த்துக்கொண்டிருந்தான். பெஞ்சைத் துடைத்தான். அக்காவுக்குப் போன் போட்டுச் சொல்லலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அதற்குள் ஒரு ஆள் முடிவெட்ட வந்துவிட்டார்.

பெயின்ட் கடையில் அக்கா ஒரு டப்பாவில் பச்சை கலந்துகொண்டிருந்தாள். கவுண்டர் முன்னால் வந்து நின்ற மனிதர் துண்டை எடுத்ததும் சொட்டு எண்ணிக்கை தப்பிவிட்டது.

"நீங்கதானே டிப்டாப்போட அக்கா? இது உங்க எண்ணெயாம். உங்க தம்பி சொன்னான்."

"என் எண்ணெய் இப்படிச் செய்யாது."

"அப்போ நானே அடுப்புல மூஞ்சியைக் காட்டிக்கிட்டேனா?"

"அப்படி நான் சொல்லலை. என் எண்ணெய் செய்யாதுன்னு சொன்னேன்."

குரல் உயர்ந்ததில் முதலாளி கல்லாவிலிருந்து எழுந்து வந்தார். சாமான் வாங்க வந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா ஒரு பில் தாளைக் கிழித்து, மூன்று பொருளையும் அளவோடு எழுதி, கீழே கையெழுத்தும் போட்டு நீட்டினாள்.

"டாக்டர்கிட்ட காட்டுங்க. இதுல ஒண்ணு மறைச்சிருந்தா நாளைக்கு நான் இந்தக் கவுண்டர்ல நிக்கலை."

அவர் போன பிறகு முதலாளி சொன்னார்: "இதோ பாரும்மா, உன் கைவேலையை வீட்டோட வச்சுக்கோ. இன்னைக்கு எண்ணெய்ல என்ன கலந்தேன்னு வர்றான். நாளைக்குப் பெயின்ட்ல என்ன கலந்தேன்னு வருவான். அப்போ நான் உன்னை வச்சுக்க முடியாது."

அக்கா தலையை ஆட்டினாள். பச்சை கெட்டுப்போயிருந்தது. அந்த டப்பாவை ஓரமாக வைத்துவிட்டு முதலிலிருந்து கலந்தாள். அன்று முழுவதும் தம்பிக்கு ஏழு தடவை போன் செய்தாள். அவன் எடுக்கவில்லை.

கதை அவளுக்கு முன்னால் வீட்டுக்கு வந்துவிட்டது. மறுநாள் மாலைக்குள் அவளிடம் எண்ணெய் வாங்கியிருந்த நாலு பேர் பாட்டிலைத் திருப்பிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார்கள். மாடிவீட்டுப் பெண்ணும் அதில் ஒருத்தி. குழந்தைக்குக் கிடைக்காமல் பிறகு தனக்கென்று வாங்கியிருந்த பாட்டில் அது. "பத்து நாள் குழந்தைக்கு ஆகாதுன்னு எனக்குப் பாடம் எடுத்தீங்களே, ஐம்பது வயசு ஆம்பளைக்கே ஆகலையாமே" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனாள். அக்கா நாலு பாட்டிலையும் திறந்து ஒவ்வொன்றாக மோந்து பார்த்தாள். எல்லாம் அவள் செய்தபடியே இருந்தன. பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஒருவர் கை பட்டுத் திரும்பி வந்ததை இன்னொருவருக்குக் கொடுக்கும் பழக்கம் அவளுக்கு இல்லை.

ஆறாம் நாள் டாக்டர் பட்டியலைப் பார்த்துவிட்டு, இந்த மூன்றும் இந்த அளவில் இப்படிச் சுடாது, வேறு ஏதோ இருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். மீட்டர்காரர் நேரே பெயின்ட் கடைக்கு வந்தார்.

"நீங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பொய் சொல்றீங்க. யாருன்னு நீங்களே முடிவு பண்ணிக்குங்க."

அக்கா கையுறையைக் கழற்றினாள். முதலாளியிடம், "அரை மணி நேரத்துல வர்றேன்" என்றாள். அவர் என்ன சொன்னார் என்று கேட்காமலே படியிறங்கினாள்.

இருவரும் சேர்ந்து உள்ளே வந்ததைக் கண்ணாடியில் பார்த்ததுமே டிப்டாப்பின் முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியில் வாத்தியார் பாதி வெட்டிய தலையோடு உட்கார்ந்திருந்தார்.

"பாட்டிலை எடு" என்றாள் அக்கா.

"வேலையா இருக்கேன் அக்கா."

"நானும் வேலையை விட்டுட்டுதான் வந்திருக்கேன். எடு."

அவன் எடுக்கவில்லை. அவளே எடுத்தாள். மூடியைத் திறந்து, பேப்பர் ஓரத்தைக் கிழித்து நனைத்து, மூக்குக்குச் சற்றுத் தள்ளி ஆட்டினாள்.

"இது என்ன?"

"நீ குடுத்ததுதான்."

"நான் குடுத்தது இப்படி ஜூஸ் கடை மாதிரி நாறாது."

கண்ணாடிக்குக் கீழே இருந்த இழுப்பறையை இழுத்தாள். பிளேடு பாக்கெட்டுகள், பல் உடைந்த சீப்புகள், படிகாரக் கல். அதற்கெல்லாம் பின்னால் சுருட்டி வைத்த துணிக்குள் பழுப்புக் குப்பி. லேபிளை உரக்கப் படித்தாள்: "தோலில் நேரடியாகப் பூசக்கூடாது. பூசிய இடத்தில் வெயில் படக்கூடாது." குப்பியை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். "படிக்கத் தெரியும்ல உனக்கு? எவ்வளவு ஊத்தின?"

அவன் கத்திரியைப் பார்த்தான்.

"சொட்டா, ஸ்பூனா? வாயைத் திற."

"அரை மூடி."

"நூறு மில்லிக்கு அரை மூடியா? நான் இருபது சொட்டுக்குப் பயந்து சாகறேன், நீ அரை மூடி ஊத்தியிருக்கே!"

"வாசனையே இல்லைன்னு எல்லாரும் சொன்னாங்க. வாசனை இல்லாத எண்ணெயை எவன் தடவிப்பான்? உன்னோடது சமையல் எண்ணெய் மாதிரி இருக்கு, அதான் உண்மை."

"அதுக்கு என் பேரை ஏன்டா சொன்ன?" என்று அக்கா கேட்டாள். குரல் திடீரென்று இறங்கிவிட்டது. "ஊத்தினது நீ. என் பேரைச் சொல்லி இவரை என் வேலை இடத்துக்கு அனுப்பினியே. ஏழு தடவை போன் பண்ணேன். எடுத்தியா?"

வாத்தியார் கழுத்துத் துணியோடு அசையாமல் உட்கார்ந்திருந்தார். அக்கா மீட்டர்காரர் பக்கம் திரும்பினாள். "அன்னைக்கு ஷேவிங் முடிச்சு எங்க போனீங்க?"

"எங்க போவேன்? வேலைக்கு. நூத்தி ஐம்பது வீடு, மொட்டை வெயில்."

"அதான். எலுமிச்சைத் தோலைப் பிழிஞ்சு எடுக்கற எண்ணெய் தோல்ல இருக்கும்போது வெயில் பட்டா வெந்துடும். பேக்கரிக்காரர் நாள் பூரா கூரைக்குக் கீழ இருக்கார். வாத்தியார் கிளாஸ்ல இருக்கார். அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. நீங்க ஒருத்தர்தான் இதைப் பூசிட்டு நேரா வெயில்ல போய் நின்னவர்."

"கதை விடறா சார்!" என்று டிப்டாப் கத்தினான். "எலுமிச்சம்பழத்தை மூஞ்சில தேய்க்காதவன் யாரு? வெயில் பட்டா வேகுமாம்! பெயின்ட் கலக்கறவ டாக்டராயிட்டா!"

அவன் குப்பியைப் பிடுங்கினான். இடது கைச் சட்டையை முழங்கைக்கு மேலே மடித்து, குப்பியைக் கவிழ்த்து, மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை தேய்த்தான். "இப்பவே வெயில்ல போய் நிக்கறேன், பாரு."

"டேய், வேண்டாம். போய் சோப்புப் போட்டுக் கழுவு."

அவள் துண்டை எடுத்துத் துடைக்க வந்தாள். அவன் தோளால் தள்ளிவிட்டான். அவள் கண்ணாடி அலமாரியில் மோதி நின்றாள்.

"நிக்கட்டும்மா" என்றார் மீட்டர்காரர். "ஆசைப்படறான்."

மணி பன்னிரண்டு. டிப்டாப் கடை வாசலில், நிழல் விழாத இடமாகப் பார்த்து நின்று, கையை முன்னால் நீட்டிக்கொண்டான். வாத்தியார் பாதித் தலையோடு வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தார். போகிறவர்கள் வருகிறவர்கள் நின்று கேட்டார்கள். அக்கா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் எண்ணெய் பாட்டில்கள் இரண்டையும் பையில் போட்டுக்கொண்டு, பெயின்ட் கடைக்குப் போய்விட்டாள்.

ஒரு மணி நேரம் நின்றான். வேர்த்து ஊற்றியதைத் தவிர கைக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பாருய்யா! நல்லா கண்ணைத் தொறந்து பாரு! எங்க வெந்திருக்கு?" கையை மீட்டர்காரர் மூக்குக்கு நேரே ஆட்டினான்.

மீட்டர்காரர் பெஞ்சிலிருந்து எழுந்து குடையை எடுத்தார். "எனக்கும் அன்னைக்கு ஒண்ணும் ஆகலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை டிப்டாப் வந்தவர்களிடமெல்லாம் கையைக் காட்டினான். அக்காவுக்குப் பொறாமை என்றான், மீட்டர்காரருக்குப் பைத்தியம் என்றான். பேசிக்கொண்டே இருந்தவன் மதியத்துக்கு மேல் அடிக்கடி கையைச் சொறிந்தான். மாலையில் கடை சாத்தும்போது மணிக்கட்டுக்கு மேலே சிவந்து, தொட்டால் சுட்டது. அடுத்த நாள் காலை குளிக்கப் போனவன் குளியலறையிலிருந்து மனைவியைக் கூப்பிட்டான். முழங்கைவரை கொப்புளங்கள், எண்ணெய் வழிந்த கோட்டிலெல்லாம் வரிசையாக.

மனைவி பார்த்தாள். "அக்காகிட்ட போய்க் கேளுங்க, என்ன பண்றதுன்னு" என்றாள்.

"அவகிட்டயா? செத்தாலும் போக மாட்டேன்."

"போகாதீங்க. வேகட்டும்."

முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு கடைக்குப் போனான். துணி உரசும்போதெல்லாம் உயிர் போனது. முதல் ஆளுக்குக் கத்தி பிடித்தபோது இடது கையால் கன்னத்தை இழுத்துப் பிடிக்க முடியவில்லை. கத்தி வழுக்கி, காதோரத்தில் ஒரு கீறல் விழுந்தது. அந்த ஆள் திட்டிவிட்டுப் பாதியில் எழுந்து போனார். அவர் வெளியே போக, மீட்டர்காரர் உள்ளே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். அவருடைய கன்னத்தில் புண் ஆறியிருந்தது. தோல் மட்டும் கரியைப் பூசினாற்போல் கறுத்துக் கிடந்தது.

"என்ன, இந்தப் புழுக்கத்துல முழுக்கை?"

டிப்டாப் கத்தியைத் துடைக்கத் திரும்பினான்.

"மடி."

"சார்..."

"மடின்னு சொன்னேன்."

அவன் பொத்தானைக் கழற்றி மெல்ல மடித்தான். ஓர் இடத்தில் துணி கொப்புளத்தோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். மீட்டர்காரர் பெஞ்சிலிருந்தபடியே பார்த்தார். சிரிப்பார் என்று டிப்டாப் எதிர்பார்த்தான். அவர் சிரிக்கவில்லை. வாயைச் சுளித்துக்கொண்டு, அந்த வலி என்னவென்று தெரிந்த மாதிரி ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தார். பிறகு பையிலிருந்து தாளையும் பேனாவையும் எடுத்து நீட்டினார்.

"எழுது."

டிப்டாப் கண்ணாடி மேடையில் தாளை வைத்து எழுதினான். பாதாம் எண்ணெய். வைட்டமின் ஈ. லாவெண்டர் இருபது சொட்டு. எலுமிச்சை எண்ணெய் அரை மூடி. மீட்டர்காரர் வாங்கிப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"நாலாவதுக்குப் பக்கத்துல எழுது. நான் ஊத்தினது, என் அக்காவுக்குத் தெரியாது."

எழுதினான்.

"கையெழுத்து." போட்டான். அவர் தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "இந்தக் கறுப்பு போக நாலு மாசம் ஆகுமாம். அதுவரை இந்த முகத்தோடதான் நான் வீடு வீடா ஏறி இறங்கணும். ஒவ்வொரு வீட்டுலயும் கேப்பாங்க. நீயும் சட்டையை மடிச்சு விட்டுட்டே வேலை பாரு. கேக்கறவங்களுக்கு நீயும் சொல்லு."

"மாட்டேன்னா?"

"இந்தத் தாளைக் கடை வாசல்ல ஒட்டுவேன்."

அவர் அதற்குப் பிறகு அந்தப் படி ஏறவில்லை. இரண்டு தெரு தள்ளி வேறொரு சலூனில் ஷேவிங் செய்துகொள்கிறார் என்று வாத்தியார் சொன்னார். டிப்டாப் சட்டையை மடித்துவிட்டே வேலை பார்த்தான். கேட்டவர்களுக்கு முதலில் "அடுப்புல பட்டுடுச்சு" என்றான். தாள் நினைவுக்கு வந்ததும், "நானே பண்ணிக்கிட்டது" என்று தொடங்கி முழுதாகச் சொன்னான். ஒரு நாளில் ஒன்பது தடவை சொல்ல வேண்டியிருந்தது.

தாளில் கையெழுத்துப் போட்டதற்கு நாலாம் நாள் மாலை பெயின்ட் கடைக்குப் போனான். அக்கா நிமிரவில்லை. கையை மட்டும் ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"டாக்டர்கிட்ட காட்டினியா?"

"காட்டினேன்."

"கொப்புளத்தைக் கிள்ளாத. வெயில் படாம மூடி வை. தைலம், எண்ணெய்னு எதையும் அதுமேல போடாத, என்னோடது உட்பட." மஞ்சள் சொட்டை எண்ணி முடித்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தை பேசினாள். "வேற என்ன?"

"மன்னிச்சுடு அக்கா."

"சரி."

"சரின்னா?"

"சரின்னா சரி. மன்னிப்பை என் காதுல சொல்லிட்டா போச்சா? தெரு பூரா என் பேர் நாறிக் கிடக்கு. வா."

முதலில் முதலாளி முன்னால் நிறுத்தினாள். டிப்டாப் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். முதலாளி கேட்டுவிட்டு, "சரிம்மா, வேலையைப் பாரு" என்றார். அவ்வளவுதான். திட்டியது கடை முழுக்கக் கேட்டது. வாபஸ் வாங்கியது அவள் காதுக்கு மட்டும்தான்.

ஆறு மணிக்கு வேலை முடிந்ததும் அவனைக் கூட்டிக்கொண்டு தன் தெருவுக்குப் போனாள். பாட்டிலைத் திருப்பிக் கொடுத்த நாலு வீடு. அவள் கதவைத் தட்டுவாள், தள்ளி நிற்பாள். அவன் கையைக் காட்டிச் சொல்லுவான். முதல் வீட்டில் உள்ளே கூப்பிட்டார்கள். அக்கா போகவில்லை. இரண்டாவது வீட்டில் பாதி கேட்டதுமே, "குடும்பச் சண்டையை இங்க கொண்டு வராதீங்க" என்று கதவைச் சாத்திவிட்டார்கள். மூன்றாவது வீட்டுக்காரர் அவன் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உள்ளேயிருந்த எல்லோரையும் கூப்பிட்டார். அவர்களுக்காக முதலிலிருந்து மறுபடி சொல்ல வேண்டியிருந்தது.

நாலாவது மாடிவீடு. அந்தப் பெண் இடுப்பில் குழந்தையோடு கதவைத் திறந்தாள். முழுதும் கேட்டாள். கையைப் பார்த்ததும் குழந்தையை மறுபக்க இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"எனக்கென்ன தெரியும்? எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்" என்றாள். பிறகு அக்காவைப் பார்த்து, "அப்போ என் பாட்டிலைத் திருப்பிக் குடுங்க. நல்லாதான் இருந்துச்சு அது" என்றாள்.

"கொட்டிட்டேன்."

"வேற செய்ய மாட்டீங்களா?"

"செய்வேன். உங்களுக்குச் செய்ய மாட்டேன்."

அக்கா படியிறங்கிவிட்டாள். டிப்டாப் பின்னாலேயே இறங்கினான். தெருவில் அவள் வீட்டு வாசல்வரை வந்தபோது, "கடைக்கு இனிமே எண்ணெய்..." என்று தொடங்கினான்.

"உன் கடைக்கு ஒரு சொட்டு கிடையாது."

"எப்பவுமேவா?"

அவள் சாவியைத் திருகிக் கதவைத் திறந்தாள். "போய்க் கையை மூடு. ஈ மொய்க்குது" என்றாள். உள்ளே போய்த் தாழ்ப்பாளைப் போட்டாள். டிப்டாப் கைக்குட்டையை எடுத்து, ஒற்றைக் கையால் கட்டத் தெரியாமல், ஒரு முனையைப் பல்லால் கடித்து இழுத்துக்கொண்டே பஸ் நிறுத்தத்துக்கு நடந்தான்.